தூசிப் புயலுக்கு மணல்மேட்டுப் படம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலைவனத் தூசியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நாளிதழ்கள் அதிகம் தொடாத பொருள். எடுத்துக்கொண்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரை இரண்டு தவறான நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. மணல்மேடுகள்தான் பறந்து தூசியாகின்றன என்பது ஒன்று. பாலைவனம் தூசியை வாரிக் கொடுக்குமே தவிர வாங்கிச் சேர்த்துக்கொள்ளாது என்பது மற்றொன்று. வரிவரியான மணல்மேடு, உச்சியில் ஓர் ஒட்டகம் என்று போட்டிருந்த படம் முதல் தவறுக்குச் சட்டம் போட்டு மாட்டியதுபோல் இருந்தது.

மணலையும் தூசியையும் பிரிக்கும் கோடு சுமார் 63 மைக்ரான், அதாவது 0.063 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் 2 மி.மீ. வரை மணல். கீழே 2 மைக்ரான் வரை வண்டல், அதற்கும் கீழே களி. காற்றில் நெடுந்தூரம் போகும் தூசியில் பெரும்பகுதி 20 மைக்ரானுக்கு உட்பட்டது. மணல்மேட்டு மணியோ பெரும்பாலும் 150 முதல் 300 மைக்ரான் வரை இருக்கும். அந்த மேட்டில் இருந்த பொடியையெல்லாம் காற்று எப்போதோ தூற்றிக் கொண்டுபோய்விட்டது. தூற்றிய பிறகு களத்தில் நின்ற மணிதான் மேடு. அங்கே போய்த் தூசி தேடுவது, புடைத்த அரிசியில் தவிடு தேடுவதுபோல.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து, ஒரு கரண்டி மேட்டு மணலைப் போட்டுக் கலக்கி வையுங்கள். 50 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க முக்கால் நிமிடம் போதும். மணல் அதற்கு முன்பே அடியில் உட்கார்ந்து தண்ணீர் தெளிந்துவிடும். இன்னொரு குவளையில் வறண்ட ஏரித்தரை மண்ணைக் கலக்கினால், 2 மைக்ரான் துகள் அதே 10 செ.மீ.யை இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் எடுக்கும். காலையில் கலக்கியது மாலையிலும் கலங்கலாகவே நிற்கும். ஒரு எச்சரிக்கை: ஏரித்தரை மண்ணில் உப்பு மிகுந்திருந்தால் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகத் திரண்டு மளமளவென்று இறங்கிவிடும். 'இதிலும் களி இல்லையே' என்று ஏமாந்துபோவீர்கள். மண்ணை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, துகள்களை ஒட்டவிடாமல் பிரித்துவைக்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் கரைசல் சிறிது சேர்த்துக் கலக்கினால்தான் உண்மை தெரியும்.

அடுத்து, கட்டுரையில் 'துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு எளிதாகப் பறக்கும்' என்று ஒரு வரி. கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் காற்று தரையிலிருந்து மிக எளிதாகப் பெயர்ப்பது 75 முதல் 100 மைக்ரான் வரையுள்ள துகளைத்தான். அதைவிடப் பெரியது கனத்தால் நிற்கிறது. அதைவிடச் சிறியது தன் அண்டைத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எடை குறையக் குறைய ஒட்டும் விசைதான் ஓங்கும். செயற்கையாகக் காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் இதைக் காட்டியவர் பிரிட்டிஷ் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட். சிமென்ட் பொடியை வழவழப்பாகப் பரப்பி, சிறு கூழாங்கற்களை நகர்த்தக்கூடிய வேகத்தில் காற்றை விட்டார். பொடி அசையவில்லை.

பிறகு தூசி எப்படித்தான் கிளம்புகிறது? மணல்தான் கிளப்புகிறது. மேட்டு மணலுக்கு இந்த விஷயத்தில் உள்ள பங்கு இதுதான்: அது தூசி ஆவதில்லை, தூசியைத் தட்டி எழுப்புகிறது. காற்றில் துள்ளும் மணல்மணி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே பறந்து, 10 முதல் 15 பாகைச் சாய்வில் தரையை வந்து குத்துகிறது. குத்திய இடத்தில் களிக் கட்டி உடைந்து பொடி எழும்புகிறது. எழும்பியதைக் காற்றின் சுழிப்பு மேலே கொண்டுபோகிறது. மணியோ துள்ளி அடுத்த இடத்தைக் குத்தப் போகிறது. ஆகவே தூசி எழ மூன்று பொருத்தங்கள் வேண்டும்: பொடி இருக்கிற தரை, அதற்குக் காற்று வரும் பக்கத்தில் கொஞ்சம் மணல், மணலைத் துள்ளவைக்கும் காற்று. களி இறுகிய ஏரித்தரை ஓடு உடையாமல் இருந்தால், மணலும் வந்து சேராவிட்டால், பெருங்காற்றிலும் பெரிதாகப் புழுதி எழாது. ஒரு வண்டி குறுக்கே ஓடி அந்த மேலோட்டை உடைத்துவிட்டால் மறுநாள் அதே தடத்தில் புழுதி கோடு கோடாகக் கிளம்புவதைப் பார்க்கலாம்.

சரி, அந்தப் பொடி எங்கிருந்து வந்தது? ஒரே வரியில் சொன்னால், தண்ணீர் இருந்த இடத்திலிருந்து. செயற்கைக்கோள் படங்களில் தூசி திரும்பத் திரும்பக் கிளம்பும் இடங்களைக் குறித்துப் பார்த்தால், அவை மணற்கடல்களின் நடுவே விழுவதில்லை. வறண்ட ஏரிப் படுகைகள், எப்போதோ வெள்ளம் வரும் ஆற்றுத் தாழ்வுகள், மலையடிவாரத்தில் விசிறிபோல் விரிந்த வண்டல்கள் ஆகியவற்றின் மேல் விழுகின்றன. தண்ணீர்தான் கல்லை அரைத்து, தரம் பிரித்து, பொடியைப் பள்ளத்தில் கொண்டுவந்து கொட்டியது. காற்று அதை அள்ளத்தான் செய்கிறது. சகாராவிலேயே மணல் மூடிய பரப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கல்தரையும் பாறையும் காய்ந்த படுகையும்.

உலகிலேயே மிகப் பெரிய ஒற்றைத் தூசி ஊற்று சாட் நாட்டின் போடெலே பள்ளம். ஒரு காலத்தில் 3 லட்சம் சதுர கி.மீ.க்கும் மேல் பரந்திருந்த பெரிய சாட் ஏரியின் ஆழமான பகுதி அது. அந்த ஏரியில் வாழ்ந்த டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகளின் சிலிக்கா ஓடுகள் அடியில் படிந்து, ஏரி வற்றியபின் வெளுத்த, எடை குறைந்த பாறையாகக் கிடக்கின்றன. வடகிழக்கிலிருந்து வரும் காற்று திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கு இடையே நெருக்குண்டு வேகம் பிடித்து நேராக இந்தத் தரையில் இறங்குகிறது. பெயர்ந்த ஓட்டுச் சில்லுகள் தாமே துள்ளி, தாமே மோதி, தாமே மாவாகின்றன. இங்கே மட்டும் அடிக்கும் சுத்தியலும் உடையும் பொருளும் ஒன்றே. சகாரா தூசி அமேசான் காட்டுக்கு உரமாகிறது என்று கட்டுரை சொன்னது சரிதான். 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் தூசி அமேசான் படுகையில் விழுகிறது. அதில் பாஸ்பரஸ் சுமார் 22,000 டன். அந்த உரம் மணல்மேட்டிலிருந்து போயிருக்க வழியில்லை. மேட்டு மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் வெறும் சிலிக்கா கனிமம். அதில் செடிக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

மனிதர் கையால் உண்டான ஊற்றுகளும் இதே வகை. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரிக்கு வந்த ஆற்றை 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் திருப்பினார்கள். 1926க்குள் ஏரி காய்ந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய தூசி ஊற்றுகளில் ஒன்றாக அது இருந்தது. நடு ஆசியாவில் பருத்திப் பாசனத்துக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளை 1960களிலிருந்து உறிஞ்சியதில் ஏரல் கடல் சுருங்கி, அதன் தரை இன்று ஏரல்கும் என்று தனிப் பெயர் கொண்ட பாலைவனம். இத்தகைய உப்புத் தரையில் நுட்பமான ஒரு கோளாறு உண்டு. குளிர்காலத்தில் சோடியம் சல்பேட் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகப் பருக்கும்போது மேலோடு உப்பிப் பொருபொருவென்று ஆகிறது. வெப்பம் ஏறியதும் படிகம் நீரை விட்டுவிட்டு மாவாகிறது. கோடையில் கல்போல் இறுகிக் கிடந்த தரை, குளிர் முடிந்து காற்றடிக்கும் பருவத்தில் சாம்பல்போல் பறப்பது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் ஏரித்தரைதான் எல்லாத் தூசிக்கும் காரணம்' என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. தென் நெவாடாவிலும் கலிபோர்னியாவிலும் 1984இலிருந்து தூசிப் பொறிகள் வைத்து அளந்த அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் மேரித் ரீஹீஸ் கண்டது இது: ஒரே பரப்பளவுக்கு ஏரித்தரையும் மலையடிவார வண்டலும் ஏறக்குறைய ஒரே அளவு தூசிதான் தருகின்றன. ஆனால் மலையடிவார வண்டல் பரப்பு மிகப் பெரிது. ஆகவே மொத்தத்தில் அதன் பங்கே அதிகம். ஏரித்தரைப் புழுதி வெள்ளைவெளேரென்று எழுந்து படத்தில் விழுகிறது. அடிவாரம் அங்குமிங்குமாகச் சத்தமில்லாமல் இறைக்கிறது.

மணலும் அரைபட்டுத் தூசியாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும், சில இடங்களில். இஸ்ரேலின் நெகேவ் பகுதியில் கனமாகப் படிந்திருக்கும் பருவண்டலில் பெரும்பகுதி, அருகில் சினாய் மணற்பரப்பில் மணல்மணிகள் நெடுங்காலம் மோதித் தேய்ந்ததில் உண்டானது என்று அங்கு ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இது பக்கத்திலேயே விழும் பருவெட்டான தூசி. உலகக் கணக்கில் பெரும் அரவைக் கருவிகள் ஆறுகளும், பனியாறுகளும், பாறை இடுக்கில் படிகமாகிப் பிளக்கும் உப்பும்தான். சீனாவின் காற்றுவண்டல் பீடபூமி இதற்கு நல்ல சாட்சி. 100 மீட்டருக்கும் மேல், சில இடங்களில் 300 மீட்டர் அளவுக்குக் காற்று கொண்டுவந்த வண்டல் குவிந்த நிலம் அது. அதிலுள்ள சிர்கான் என்னும் கனிம மணிகளின் வயதைக் கணக்கிட்டபோது, பொருளில் பெரும்பகுதி திபெத் பீடபூமியின் வடகிழக்கு விளிம்பிலிருந்து மஞ்சள் ஆறு இறக்கிக் கொடுத்தது என்று தெரியவந்தது. ஆறு இறக்கியது, காற்று ஏற்றியது. தூசியின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்க இப்படிச் சிர்கான் வயதும், ஸ்ட்ரான்ஷியம், நியோடிமியம் தனிமங்களின் ஐசோடோப்பு விகிதமும் கைரேகைபோல் உதவுகின்றன. அண்டார்டிகாவின் பனியுகப் பனிக்கட்டியில் சிக்கிய தூசி பெரும்பாலும் தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவிலிருந்து வந்தது என்று சொன்னது அந்த ரேகைதான்.

இனி இரண்டாவது தவறு. இதுதான் எங்களுக்கு அதிக வருத்தம் தந்தது. பாலைவனத்தின் மிக நுட்பமான வேலையைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டது.

எழுந்த தூசி விழுந்தாக வேண்டும். துகளின் விட்டம் பாதியானால் விழும் வேகம் நாலில் ஒன்றாகும். 50 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் அசையாத காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 20 செ.மீ. விழும், 1 கி.மீ. உயரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு நொடிக்கு 8 மி.மீ.தான், 3 கி.மீ. இறங்க நான்கு நாளுக்கு மேல். 2 மைக்ரான் துகள் தானாக இறங்க நூறு நாளுக்கு மேலாகும் என்பதால், அதை மழைதான் கழுவி இறக்க வேண்டும். எனவே எழுந்ததில் பருவெட்டான பகுதி கடலைக் காண்பதே இல்லை. அதே பாலைவனத்தில், சில பத்து கி.மீ.யிலிருந்து சில நூறு கி.மீ.க்குள் விழுந்துவிடுகிறது.

விழுந்தது தங்குமா என்பது தரையைப் பொறுத்தது. வழவழப்பான ஏரித்தரையில் விழுந்தால் அடுத்த காற்றுக்கே அது போய்விடும். கல் பரந்த தரை, புதர் அடி, எரிமலைக் குழம்பு உறைந்த கரடு, பாசிப்படலம் பிடித்த மண் ஆகியவை பிடித்துவைத்துக்கொள்ளும். பாசிப்படலம் என்பது வெறும் கறை அன்று. மைக்ரோகோலியஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகளின் இழைகள் பசைபோன்ற உறையோடு மண்துகள்களைத் தைத்துவைத்த மெல்லிய துணி அது. ஒரு காலடி போதும், தையல் விட்டுப்போகும்.

கல் பாவியதுபோல் பாலைநிலத்தில் பரந்து கிடக்கும் தரையைப் பாருங்கள். பொடியைக் காற்று வாரிக்கொண்டு போக, கனமான கல் மட்டும் பின்தங்கியது என்றுதான் நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். தங்கள் கட்டுரையும் அதையே சொல்கிறது. அங்கே ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் பாடம் ஆட்டம் காணும். கல்லின் அடியில் இருப்பது கல் அல்ல. வெளிர்நிறத்தில், விரல்களுக்கிடையே மாவுபோல் நெரியும் வண்டல், சில செ.மீ. கனத்துக்கு. உடைத்தால் ரொட்டியின் உள்பக்கம்போல் பொடிப் பொடிக் குமிழ்த் துளைகள். மழை பெய்யும்போது மேலே நனைந்த பொடி வாயை அடைத்துக்கொள்ள, உள்ளே சிக்கிய காற்று குமிழாகிறது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து குமிழ்கள் நிலைக்கின்றன. இந்தப் படலத்துக்குள் கல்லே அநேகமாக இராது. கல்லெல்லாம் மேலே ஒரே அடுக்காக நிற்கும்.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள சீமா எரிமலைப் பகுதியில் மெக்ஃபேடன், வெல்ஸ் என்ற புவியியலாளர்களின் குழுவினர் 1980களில் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். அங்குள்ள பாறை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட். அதில் குவார்ட்ஸ் கிடையாது. கல்லுக்கடியில் இருந்த வண்டலிலோ குவார்ட்ஸ் நிறைய. ஆகவே வண்டல் அந்தப் பாறை சிதைந்து வந்ததில்லை, வெளியிலிருந்து காற்றில் வந்தது. 1995இல் இன்னும் அழுத்தமான சான்று கிடைத்தது. விண்கதிர் பட்டால் பசால்ட் கனிமங்களில் ஹீலியம்-3 என்னும் ஹீலியம் வகை சேரும். மண்ணுக்குள் ஆழப் புதைந்திருந்த கல்லில் அது குறைவாகவே இருக்கும். தரைமேல் கிடந்த கற்களின் ஹீலியம் கணக்கும், அருகில் துருத்தி நின்ற தாய்ப்பாறையின் கணக்கும் ஒத்துப்போயின. அந்தக் கற்கள் புதைந்து பிறகு வெளிப்பட்டவை அல்ல; எரிமலைக் குழம்பு உறைந்த நாளிலிருந்து வெயிலிலேயே இருந்தவை. தூசி இடுக்கில் விழுந்து, மழையில் கல்லுக்கடியில் நழுவி, ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கி, கல்லை மயிரிழை மயிரிழையாக மேலே தூக்கிக்கொண்டே வந்திருக்கிறது. காற்று எடுத்துப் போனதால் உண்டானது என்று நாம் நினைத்த தரை, காற்று கொண்டுவந்து போட்டதால் உண்டானது.

எவ்வளவு வேகத்தில்? ரீஹீஸின் பொறிகளில் தென் நெவாடா, தென்கிழக்குக் கலிபோர்னியா இடங்களில் கிடைத்த வண்டலும் களியும் சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 4.3 முதல் 15.7 கிராம். 10 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். படிந்த மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம் என்றால், ஆண்டுக்கு 0.007 மி.மீ. ஆயிரம் ஆண்டுக்கு 7 மி.மீ., பத்தாயிரம் ஆண்டுக்கு 7 செ.மீ. விழுந்ததெல்லாம் தங்காது என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். தூசியோடு வரும் சுண்ணாம்பு மழையில் கரைந்து கீழே இறங்கிக் காய்ந்து, முதலில் கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சாகவும், பிறகு பல்லாயிரம் ஆண்டில் கடப்பாரைக்கும் இளகாத அடுக்காகவும் ஆகிறது. சுண்ணாம்பே இல்லாத பாறையின் மேலும் அந்த அடுக்கு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பொறி ஒன்றும் பெரிய கருவி அல்ல. நடுவில் குழல் உள்ள, ஒட்டாப் பூச்சுப் பூசிய கேக் தட்டு. விளிம்புக்கு 3–4 செ.மீ. கீழே 6 மி.மீ. கண் உள்ள கம்பிவலை, அதன்மேல் 1.6 செ.மீ. கண்ணாடிக் கோலிகள். துள்ளும் மணல் எட்டாதபடி 2 மீட்டர் கம்பத்தின் உச்சியில் வைப்பார்கள். கோலிகள் கல் பரந்த தரைக்கு ஈடு; அவை இல்லாவிட்டால் விழுந்த தூசியை அடுத்த காற்று அள்ளிவிடும். மேலே குறுக்காக வளைத்த இரண்டு தகட்டுப் பட்டைகளில் காயாத பசை தடவ வேண்டும். இல்லையேல் பறவை உட்காரும். தட்டின் விட்டம் 25 செ.மீ. என்று வைத்தால், மேற்சொன்ன கணக்கில் ஓராண்டு முழுவதும் சேர்வதே அரை கிராம், ஒரு சிட்டிகை. பறவையின் ஒரே எச்சம் அந்த ஆண்டுக் கணக்கையே கெடுத்துவிடும். எடுக்கும்போது தட்டு, வலை, கோலி மூன்றையும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நீரை முழுதும் ஆவியாக்கி எடை பார்க்க வேண்டும். தெளிந்த நீர்தானே என்று இறுத்துக் கொட்டினால் கரைந்த உப்பு போய்விடும், உப்பும் தூசிதான். அதிகச் சூட்டில் காயவைத்தால் ஜிப்சம் தன் நீரை இழந்து எடை குறைத்துக் காட்டும். 40 பாகை செல்சியசைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பூச்சி, சருகுகளைச் சலித்தும், மிஞ்சிய கரிமப் பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடால் எரித்தும் நீக்கிய பிறகுதான் எடை எடையாகும். மண் சாலையோரம் வைத்த பொறி சாலையைத்தான் அளக்கும்.

இவ்வளவு மெல்லச் சேர்ந்த தரை எவ்வளவு விரைவில் குலைகிறது என்பதற்கு மொஹாவியில் 1942–44இல் அமெரிக்க ராணுவம் பீரங்கி வண்டிப் பயிற்சி நடத்திய தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிவதே போதும். கல்லை வாரித் திரும்பப் பரப்பினால் மேற்பார்வைக்குச் சரியாகும். அடியிலுள்ள குமிழ்ப்படலம் நொறுங்கிவிட்டதால், சேர்த்துவைத்த பொடியெல்லாம் அடுத்த காற்றுக்குத் தயாராக இருக்கும். தண்ணீர் தெளித்தால் சில மணி நேரம் தாங்கும். ஓவன்ஸ் ஏரியில் ஆழமில்லாமல் நீர் பரப்புவது, உப்பு தாங்கும் புல் வளர்ப்பது, 10 செ.மீ. கனத்துக்குச் சரளை விரிப்பது என்று பல வழிகளைக் கையாள்கிறார்கள்; எல்லாமே பெருஞ்செலவு.

தங்களிடம் எங்கள் கோரிக்கைகள் சிறியவை. தூசிப் புயலை 'மணல் புயல்' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். படம் வேண்டுமானால் வெடித்துக் கிடக்கும் ஏரித்தரையைப் போடலாம். ஒட்டகம் அங்கேயும் நிற்கும். தூசி அளவு என்று ஓர் எண்ணை அச்சிடும்போது, அது காற்றில் மிதப்பதா தரையில் விழுந்ததா, எந்த உயரத்தில் அளந்தது, எத்தனை மைக்ரானுக்கு உட்பட்டது என்ற மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற மிதக்கும் கணக்கையும், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை கிராம் என்ற விழும் கணக்கையும் கட்டுரை ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று மற்றொன்றைவிட 'அதிகம்' என்று ஒப்பிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாலைநில மண்ணை ஆராயும் வாசகர்கள் சிலர்